பச்சிளங் குழவிகளின் காவலர் பியேர் புடேன்

மருத்துவ வரலாற்றிலே பெரும்பெயர் பெற்றோர் பெரும்பாலும் ஒரு கிருமியைக் கண்டவராகவோ, ஒரு மருந்தை ஆக்கியவராகவோ, ஒரு கருவியை அமைத்தவராகவோ இருப்பர். பிரான்சு தேசத்துப் பேராசிரியர் பியேர் புடேன் இம்மூவகையுள் எதனாலும் புகழ்பெற்றவரல்லர். குறைமாதக் குழவிகளைக் காக்கும் வெப்பப் பெட்டியோடு அவர் பெயர் பலகாலும் சேர்த்துக் கூறப்படினும், அதனை அமைத்தவர் அவர் ஆசிரியரே. ஆயினும், பிறந்த சிசுவின் நலத்தையே தனக்குப் பொருளாகக் கொண்ட மருத்துவத்துறைக்கு முதல்வர் யாவர் என்று வினவுவார்க்கு வரலாற்றாசிரியர் பலர் புடேன் பெயரையே கூறுவர். தாயையும் சேயையும் பிரித்து வைத்துச் சேயைக் காத்தல் அரிது என்னும் உண்மையைத் தராசு கொண்டும், வெப்பமானி கொண்டும், ஆண்டாண்டாகத் திரட்டிய கணக்குக் கொண்டும் நிறுவியமையே அவர் ஆற்றிய பெரும்பணியாகும். எமது கல்லூரியினின்றும் மருத்துவத்துறை புகுந்த பழைய மாணவர் பலர். அத்துறையை நாடி இன்று வகுப்பறையில் அமர்ந்திருப்போரும் உளர். அவர்கட்கும், பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் ஏனையோர்க்கும் இப்பெரியாரின் வரலாறு பயன்தரும் என்பது எமது துணிபு.

புடேன் 1846ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆந் தேதி, பாரிஸ் மாநகருக்கு வடக்கேயுள்ள வாஸ் மாகாணத்து எனான்கூர்-லெ-செக் என்னுஞ் சிற்றூரிலே பிறந்தார். பாரிசிலே மருத்துவம் பயின்று, பிரசவ வைத்தியத்தைத் தமக்குரிய துறையாகத் தெரிந்துகொண்டார். அக்காலத்திலே அத்துறை அத்துணை விரும்பத்தக்கதாக இருக்கவில்லை. ஐரோப்பாவின் பெருநகரங்களிலுள்ள பிரசவ வைத்தியசாலைகள் சூதிகாசுரத்தின் இருப்பிடங்களாக இருந்தன. வறுமையாலும் திக்கின்மையாலும் அங்குச் சென்ற பெண்களுட் பலர் உயிருடன் மீண்டாரல்லர். வீட்டிலே பிள்ளை பெறுவாரைவிட வைத்தியசாலையிற் பெறுவாரே மிகுதியாக மடிந்தனர் என்பதைப் பாரிசிலே கணக்கெடுத்துக் காட்டியவர் ஸ்தெபான் தார்னியே என்னும் அறிஞர். அந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவது என்று அவர் இளமையிலேயே துணிந்து கூறினார். பின்னர்ப் பிரசவ விடுதிகளிலே கிருமிநீக்க முறைகளைப் புகுத்தித் தாய்மாரைக் காத்தார். இத்தகைய ஆசிரியரின் கீழ்ப் பயிலும் பேறு புடேனுக்குக் கிடைத்தது.

ஆசிரியர் மாணாக்கருக்கு ஒரு வினாவைக் கொடுத்தார். குழந்தை பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடியை எப்பொழுது கட்டி அறுத்தல் வேண்டும் என்பதே அவ்வினா. குழந்தை வெளிவந்த மறுகணமே அறுத்துவிடுதல் பலருடைய வழக்கமாக இருந்தது. சற்றுப் பொறுத்தல் நன்று என்று கருதினாரும் இருந்தனர். ஆயினும் இருசாராரிடத்தும் தக்க அளவீடு இருக்கவில்லை. புடேன் இருமுறையாகவும் கொடியை அறுத்துப் பார்த்து, நஞ்சுக்கொடியின் பக்கமாக வெளிப்படும் குருதியை அளந்தார். உடனே அறுத்தவிடத்து நஞ்சுக்கொடியிலே தங்கிவிடுங் குருதி, பொறுத்து அறுத்தவிடத்துத் தங்குவதைவிடச் சராசரியாக 92 கனசென்டிமீற்றர் கூடுதலாக இருத்தலைக் கண்டார். அவசரப்பட்டு அறுப்போர் குழந்தைக்குச் சேரவேண்டிய குருதியை அதற்குச் சேரவிடாது தடுக்கின்றனர் என்பது இதனாற் புலனாயிற்று. 1875ஆம் ஆண்டிலே இம்முடிபை அவர் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது. மறு ஆண்டிலே, பிரசவ காலத்திற் சிசுவின் தலை அடையும் மாற்றங்களைப் பற்றி ஆராய்ச்சி நூல் ஒன்று எழுதி மருத்துவப் பட்டத்தையும் பெற்றார்.

இக்காலத்திலே தார்னியேயின் கருத்து குறைமாதக் குழவிகள்மீது சென்றது. அவை குளிரினாலேயே மிகுதியும் இறக்கின்றன என்பதை அவர் உணர்ந்திருந்தார். பாரிசிலுள்ள விலங்குப் பூங்காவிலே, ஒடில் மார்த்தான் என்பவர் கோழிக் குஞ்சு பொரிப்பதற்கு அமைத்திருந்த வெப்பப் பெட்டியை ஒருமுறை கண்ணுற்றார். அதுபோன்றதொன்றை மானிடக் குழவிகட்காகச் செய்து தரும்படி அவரையே வேண்டினார். 1880ஆம் ஆண்டளவிலே மத்தெர்னித்தே என்னும் பிரசவ வைத்தியசாலையில் அப்பெட்டி வைக்கப்பட்டது. இருசுவராக அமைந்த மரப்பெட்டி. இடையே மரத்தூள் அடைக்கப்பட்டிருந்தது. கீழ்த்தட்டிலே வெந்நீர், மேற்றட்டிலே குழவிகள். பின்னர் ஒரு குழவிக்கு ஒரு பெட்டியாகச் சிறிதாக்கி, வெந்நீர் நிரப்பிய மட்சாடிகளைத் தாதியர் மாற்றி மாற்றி வைக்கும் எளிய முறையும் வந்தது. 1883இல் ஓவார் என்னும் வைத்தியர் இதன் பயனைக் கணக்கிட்டு வெளியிட்டார். 2000 கிராமுக்குக் குறைந்த நிறையுடைய குழவிகளுள் முன்னர் நூற்றுக்கு 66 இறந்தன. பெட்டி வந்தபின் அத்தொகை 38 ஆகக் குறைந்தது. உறிஞ்சிப் பால் குடிக்க வலியற்ற குழவிக்கு மெல்லிய இறப்பர்க் குழாய் வழியாக வயிற்றுக்குப் பாலூட்டும் முறையையும் தார்னியே புகுத்தினார்.

இவ்வளவும் நிகழ்ந்ததற்கு நாட்டின் நிலையும் ஒரு காரணமாயிற்று. 1870, 1871ஆம் ஆண்டுகளிற் செருமானியரோடு பொருது தோல்வியுற்ற பிரான்சிலே பிறப்புத் தொகையும் குறைந்து வந்தது. பிறக்குங் குழந்தைகளுட் பலர் ஓராண்டு நிறையுமுன் மடிவது அரசியலாரைக் கலங்கச் செய்தது. நகரத்திலே கூலிவேலை செய்யுந் தாய்மார் தம் மதலைகளை நாட்டுப்புறத்துச் செவிலியரிடம் பணங்கொடுத்து ஒப்புவித்தல் பெருவழக்காக இருந்தது. அங்ஙனஞ் சென்றவை பல மீண்டும் வரவில்லை. இவற்றை அரசாங்கத்தார் மேற்பார்வை செய்தற்கெனத் தெயோபில் ரூசல் என்னும் வைத்தியர் முயன்று 1874ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் கொணர்ந்தார். எண்ணிக்கையை நினைந்து கவன்றவர் பலராயினும், ஒவ்வொரு குழந்தையின் பின்னும் ஒரு தாய் நிற்கின்றாள் என்பதை மறவாதவர் சிலரே. அச்சிலருட் புடேன் தலையாயவர்.

1892ஆம் ஆண்டிலே புடேன், ஷாரித்தே என்னும் வைத்தியசாலையின் பிரசவப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். அங்கே பிள்ளை பெற்று நலமுடன் வீடு சென்ற பெண்கள் சில காலத்தின் பின் மீண்டும் பேற்றுக்கு வரும்பொழுது, முன்பிறந்த குழந்தை எப்படி இருக்கின்றது என்று அவர் விசாரிப்பார். அது இறந்துவிட்டது என்ற விடை பன்முறை வந்தது. வைத்தியன் தன் கடமை பிரசவத்தோடு முடிந்தது என்று எண்ணியிருக்க, அவன் காத்துக் கொடுத்த உயிர் அவன் அறியாமலே மறைந்துபோகின்றது. இதனை நினைந்த புடேன், அவ்வாண்டிலேயே பாலுண்ணுங் குழந்தைகட்கென வாரந்தோறும் ஓர் ஆலோசனைச் சாலையைத் தொடங்கினார்.

அச்சாலையின் அமைப்பு மிக எளியது. அது நோய்கொண்ட குழந்தைகட்கு மட்டும் உரியதன்று. நலமுள்ள குழந்தை நலமாகவே இருத்தற்கு அமைந்தது. அவ்வைத்தியசாலையிற் பிறந்த குழந்தைகளைத் தாய்மார் வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவருவர். ஒவ்வொரு குழந்தையும் தராசிலே நிறுக்கப்படும். நிறை ஏட்டிற் பதியப்படும். நிறை முறையாக ஏறுமாயின் தாய்க்கு ஊக்கமொழி கூறப்படும். ஏறாதவிடத்து அதன் காரணம் ஆராயப்படும். தாய்ப்பாலே ஊட்டல் வேண்டும் என்பது முதல் விதி. தாய்ப்பால் போதாத குழந்தைகட்கு மாத்திரம், புட்டிகளில் அடைத்துக் காய்ச்சிக் கிருமி நீக்கிய பசுப்பால் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அதன் அளவும் மனம்போனபடி அமைந்ததன்று. ஒருநாட்குரிய பால் குழந்தையின் நிறையிற் பத்திலொரு பங்கு என்னும் கணக்குப் புடேன் விதி என்றே பின்னாளில் வழங்கியது. அளவுக்கு மிஞ்சிய பாலும், தூய்மையற்ற பாலும் கோடை காலத்து வயிற்றோட்டத்தை விளைத்துக் குழந்தைகளைக் கொன்ற காலமாதலின், இவ்விதி பல உயிர்களைக் காத்தது.

இதே காலத்திலே பெல்வில் பகுதியில் வாரியோ என்னும் வைத்தியரும், 1894இல் பெக்கான் துறைமுகத்திலே துபூர் என்னும் வைத்தியரும் ஏழைக் குழந்தைகட்குத் தூய பால் வழங்கும் நிலையங்களை அமைத்தனர். துபூர் தம் நிலையத்துக்குப் பாற்றுளி என்று பொருள்படும் பெயரிட்டார். அப்பெயர் நாடுகள் பலவற்றுக்கும் பரவிற்று. புடேன் இவர்களோடு ஒத்துழைத்தாராயினும் ஓர் எச்சரிக்கையை ஓயாது கூறிவந்தார். புட்டிப்பால் எளிதிற் கிடைப்பது கண்டு தாய்மார் முலையூட்டலை விடுவராயின், அறம் செய்யப் புகுந்தவர் அழிவையே செய்தவராவர் என்பது அவர் கருத்து.

1895ஆம் ஆண்டிலே புடேன் மத்தெர்னித்தே வைத்தியசாலைக்குத் தலைவராகச் சென்றார். அவ்விடத்துத் தலைமை மருத்துவிச்சியாகிய மதாம் ஆன்றி என்னும் அம்மையார் பெருமுயற்சி செய்து, மெலிந்த குழவிகட்கென ஒரு தனி மண்டபத்தை 1893இல் திறப்பித்திருந்தார். பாரிசின் பல பகுதிகளிலிருந்தும் குழவிகள் அங்குக் கொண்டுவரப்பட்டன. பெட்டிகள் இருந்தன, தாதியர் இருந்தனர், பாலூட்டுதற்குக் கூலிச் செவிலியரும் இருந்தனர். அவ்வாறிருந்தும் சாவு மிகுதியாகவே இருந்தது. அதன் காரணத்தை ஆராய்வதே புடேன் ஏற்றுக்கொண்ட வேலையாயிற்று.

அவர் கண்ட காரணங்கள் மூன்று. முதலாவது குளிர். தெருவழியே கொண்டுவரப்பட்ட குழவிகள் மண்டபத்தை அடையுமுன்னரே உடல் சில்லிட்டிருந்தன. வெப்பமானி வைத்து அளந்தபொழுது 32 பாகைக்குக் கீழ்ப்போன குழவிகளுட் பிழைத்தவை மிகச் சிலவே. ஆகவே, பிறந்த கணத்திலேயே குழவியைச் சூடு குன்றாது காத்தல் வேண்டும். குளிர்ந்தபின் பெட்டியில் வைத்தல் காலந்தாழ்த்த உதவியாகும் என்று அவர் காட்டினார். இரண்டாவது உணவு. மிகச் சிறிய குழவிக்கு மிகச் சிறிது பாலே போதும் என்பது அக்காலத்தோர் எண்ணம். புடேன் நாடோறும் நிறுத்துப் பார்த்து அதனை மறுத்தார். மெலிந்த குழவிக்கு அதன் நிறையில் ஐந்திலொரு பங்களவு பால் வேண்டியிருந்தது. அஃதாவது நிறைமாதக் குழந்தைக்குரிய விகிதத்தினும் ஏறக்குறைய இருமடங்கு. பால் போதாத குழவிகள் திடீரென நீலம் பாரித்து மூச்சடங்குவதையும், பாலைக் கூட்டியபொழுது அத்தாக்கம் நிற்பதையும் அவர் கண்டறிந்தார். மூன்றாவது தொற்று. தடிமன் கொண்ட ஒரு குழவியோ, ஒரு தாதியோ மண்டபம் முழுவதற்கும் நோயைப் பரப்புதல் கண்டு, நோயுற்றவற்றை வேறறையிற் பிரித்து வைத்தார். புட்டிகளையும் கருவிகளையும் தூய்மை செய்யுமாறு கட்டளையிட்டார்.

இம்மூன்றினும் ஆழமான குறையொன்றும் அங்கிருந்தது. மண்டபத்திலே தாய்மார் இல்லை. குழவியை ஒப்புவித்துவிட்டுத் தாய் வீடு செல்வாள், வாரங்கள் கழியும், அவள் பாலும் வற்றிவிடும், பாசமும் மெல்ல மெல்லத் தளரும். பலநாட் பாடுபட்டுக் காத்த குழவியை ஏற்றுக்கொள்ள வாராத தாய்மாரும் இருந்தனர். இவர்களைக் கல்நெஞ்சினர் என்று இகழ்தல் எளிது, பிறர் இகழ்ந்தனர். புடேன் அவர்களை இகழ்ந்தாரல்லர். தன் கையால் எடுத்து அணைத்துப் பாலூட்டிப் பேணாத மகவின்மீது தாய்க்கு அன்பு எங்ஙனம் வளரும் என்று சிந்தித்து, அக்குற்றத்தை வைத்தியசாலையின் அமைப்பின்மேலேயே ஏற்றினார்.

பின்னர் அதற்கேற்ற மாற்றங்களை வற்புறுத்தினார். தாய்மார் வைத்தியசாலையிலேயே தங்கவோ, அடிக்கடி வந்து பாலூட்டவோ ஊக்கப்படுத்தப்பட்டனர். பெட்டிகள் கண்ணாடியுடையனவாக அமைதல் வேண்டும், தாய் தன் குழவியை எந்நேரமும் கண்டுகொண்டிருத்தல் வேண்டும் என்றார். மெலிந்த குழவி உறிஞ்ச வலியற்றிருக்குங் காலத்தில், வலிமையுள்ள வேறொரு குழந்தையைத் தாயின் மார்பில் இட்டுப் பால் வற்றாது காக்கச் செய்தார். தன் குழவி தேறியபின் அப்பால் அதற்கே பயன்படும். கூலிச் செவிலியரின் குழந்தைகளும் தம் தாய்ப்பாலை இழவாதவாறு கவனித்தார். இவையெல்லாம் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கனவாயினும், அதிகாரிகளை இணங்கச் செய்தற்கு நீண்டகாலப் பொறுமை வேண்டியிருந்தது.

தார்னியே 1897இல் மறைந்தார். மறு ஆண்டிலே அவர் வகித்த பேராசிரியர் பதவியும், அவர் பெயராலேயே விளங்கிய பிரசவ வைத்தியசாலையும் புடேனை அடைந்தன. அங்கே மெலிந்த குழவிகளைப் பிறந்த கணந்தொட்டுத் தாயருகிலேயே வைத்துப் பேணுதற்கு அவருக்கு முழு வாய்ப்புக் கிடைத்தது. தம் விரிவுரைகளைத் தொகுத்து 1900ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட லெ நூரிசோன் என்னும் நூல், பாலுண்ணுங் குழவியைப் பற்றியது. 1907இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. சிசுவின் நிறைக்கோடுகளும் வெப்பக் கணக்குகளும் நிறைந்த அந்நூலை இக்காலத்து வைத்தியரும் எடுத்துப் படிப்பர்.

அக்காலத்திலே வெப்பப் பெட்டிக்கு வேறொரு வாழ்வும் வாய்த்தது. நீஸ் நகரத்து அலெக்சாந்தர் லியோன் என்பவர் சிறந்த பெட்டிகளை அமைத்து, குழவிகளைப் பெட்டியிலிட்டுப் பொதுமக்களுக்குக் காட்டி, நுழைவுக் கட்டணத்தாற் செலவை ஈடுசெய்தார். 1896இல் பெர்லின் கண்காட்சியிலும் இக்காட்சி நிகழ்ந்தது. பின்னர் மார்ட்டின் கூனி என்பவர் அமெரிக்காவிலே கோனித் தீவுக் களியாட்டு அரங்கில் 1903 முதல் 1943 வரை குழவிகளைக் காட்டிப் பணம் வாங்கினார். அவர் தம்மைப் புடேனின் மாணாக்கர் என்று கூறிக்கொண்டபோதிலும், அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர்தாமா என்பதையே வரலாற்றாசிரியர் ஐயுறுவர். அக்காட்சிகளாற் பல உயிர்கள் பிழைத்தன என்பதை மறுத்தல் ஆகாது. வேறு புகலிடமின்றியே பெற்றோர் பலர் அவரை நாடினர். ஆயினும் மக்கள் மனத்திற் பதிந்தது பெட்டியேயன்றித் தாயன்று. புடேன் பெட்டியைத் தாய்க்குத் துணையாகக் கண்டார். காட்சி காண வந்தோர் தாய்க்கு மாற்றாகக் கண்டனர்.

1902ஆம் ஆண்டிலே குழந்தைச் சாவை எதிர்க்குஞ் சங்கம் ஒன்று பாரிசில் நிறுவப்பட்டது. புடேன் அதன் முதன்மையான உழைப்பாளருள் ஒருவர். 1905இல் பாற்றுளி நிலையங்களின் முதலாவது சர்வதேச மாநாடும் பாரிசிலேயே கூடிற்று. இவ்வாறு ஓயாது உழைத்த இப்பெரியார் 1907ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, அறுபதாம் வயதில், மார்செய்ல் நகரத்தில் உயிர் நீத்தார். பேறுற்ற பெண்ணைத் தொழிலினின்றும் நீக்கலாகாது என்னுஞ் சட்டம் 1909இலும், அவளுக்கு ஓய்வும் உதவிப்பணமும் அளிக்குஞ் சட்டம் 1913இலும் பிரான்சிலே நிறைவேறின. பின்னைய சட்டத்தை முயன்று கொணர்ந்த பால் ஸ்திராஸ் என்னும் மூதவை உறுப்பினர் இத்துறையிற் புடேனோடு உழைத்தவர்.

அவருக்குப் பின் வந்த காலம் அவர் கற்பித்த பாடத்திற் பாதியையே கற்றது. பெட்டிகள் திருந்தின, குழாய்வழி ஊட்டும் முறைகள் நுட்பமாயின, ஒட்சிசனும் சுவாச இயந்திரங்களும் வந்தன. தொற்றுக்கு அஞ்சிய வைத்தியசாலைகளோ தாய்மாரைக் குறைமாதக் குழவிகளின் விடுதிக்கு வெளியே நிறுத்திக் கண்ணாடி வழியாக நோக்குமாறு செய்தன. தாய் தன் குழவியைத் தொடுவதற்குப் பல வாரங் காத்திருந்தாள். புடேன் தாய்க்குக் குழவியைக் காட்டுதற்கு வேண்டிய கண்ணாடி, ஈற்றில் அவளைத் தடுக்குங் கண்ணாடியாயிற்று.

இந்நிலை மாறுதற்கு வறிய நாடொன்றின் இடர்ப்பாடு வழிசெய்தது. 1978ஆம் ஆண்டிலே, கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டாவில் பெட்டிகள் போதாமையாலும் தொற்று மிகுந்தமையாலும் எட்கார் ரேய் என்னும் வைத்தியர், குறைமாதக் குழவிகளைத் தாயின் மார்போடு தோல் தோலிற்படச் சேர்த்துக் கட்டிப் பேணும் முறையைத் தொடங்கினார். கங்காருத் தாய்ப் பராமரிப்பு என இன்று உலகெங்கும் வழங்குவது இதுவே. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளிலுள்ள வைத்தியசாலைகளிலே நடந்து 2021இல் முடிபு வெளியான பெருஞ்சோதனையொன்று, பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கித் தாயையும் சேயையும் ஒரே விடுதியில் வைத்தால் நிகழ்வதென்ன என்பதை ஆராய்ந்தது. 1000 கிராம் முதல் 1799 கிராம் வரை நிறையுள்ள குழவிகளுள், தேறும்வரை தாயினின்றும் பிரித்து வைக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 15.7 முதல் 28 நாட்களுள் இறந்தன. தாயோடு வைக்கப்பட்டவற்றில் 12.0. பயன் தெளிவாகத் தோன்றியமையாற் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இம்முறையையே விதந்துரைத்தது. கொப்பூழ்க்கொடியை ஒரு நிமிடமேனும் பொறுத்துக் கட்டுதல் வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் விதியாயிற்று. 1875இல் ஓர் இளவைத்தியர் அளந்து கூறியது மீண்டும் அரங்கேறியதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

புடேன் அறியாதன பல. குறைமாதக் குழவியின் நுரையீரல் ஏன் விரிவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. அதற்குரிய மருந்துகளும் அவர் காலத்தில் இல்லை. அவர் கைக்கொண்ட கருவிகள் ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு ஏடு ஆகியனவே. அவற்றைக் கொண்டு அவர் நாடோறும் கேட்ட வினாவும் ஒன்றே: இக்குழவி இன்று வளர்ந்ததா, வளரவில்லையாயின் நாம் செய்த பிழை யாது? நம் நாட்டிலே மருத்துவ மாதர் கிராமங்கடோறும் குழந்தைகளை நிறுத்து, வளர்ச்சிப் பதிவேட்டிற் புள்ளியிட்டுத் தாய்க்கு விளக்குவதைக் காண்கின்றோம். 1892இலே ஷாரித்தேயில் வைக்கப்பட்ட தராசின் வழித்தோன்றலே அது.

2020ஆம் ஆண்டிலே உலகில் ஏறக்குறைய 134 இலட்சம் குழவிகள் நாள் நிறையாமற் பிறந்தன என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றுட் பெருந்தொகையானவை விலையுயர்ந்த இயந்திரங்கள் அரியனவாகிய நாடுகளிற் பிறந்தவை. ஆங்கெல்லாம் இளஞ்சூடும், தாய்ப்பாலும், தூய்மையும், தாயின் அண்மையும் கிடைக்கச் செய்தல் கூடும். இத்துறையிற் புகும் எமது மாணாக்கர் எத்துணைப் பெரிய இயந்திரத்தின் அருகே நின்று பணிபுரியினும், அங்கே தாய்க்கு ஓர் இருக்கை உண்டா என்று முதலிற் பார்ப்பாராக. பியேர் புடேனுக்கு நாம் எடுக்கத்தக்க நினைவுச்சின்னம் அவ்விருக்கையே.